சீட்டில் பத்து எழுத்து

பிப்ரவரி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி பிரிகம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போய் நின்றதும் ஒரு காதலர் தினக் கார்டை மேசைமேல் விட்டெறிந்தார். நான் வரைந்த கார்டுதான். கூம்புத் தொப்பி, முதுகில் நீளப் பின்னல், கோடு கிழித்த கண், பல் அத்தனையும் தெரியும் சிரிப்பு. எங்கள் கம்பெனியின் சீனப் பையன். அவனுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத் துணி தொங்கும். அதில் பொன் மையில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து சீன எழுத்து.

“இதுல என்ன எழுதியிருக்கு, பெஸ்?”

“‘என் அன்பே, என்னோடு வா’ன்னு சார்.”

“யார் சொன்னா?”

“சலவைக்கடை சார்லிதான் சார். நீங்க சொன்னபடி நேர்ல போய் எழுதி வாங்கினேன்.”

அது பொய். போன கோடையில் ஒரு தடவை சொன்ன பொய், அன்றைக்கு இரண்டாம் தடவை. முதல் தடவை நாக்கு கொஞ்சம் தடுமாறியது. இந்தத் தடவை அதுவும் இல்லை.

பிரிகம் ஒரு கடிதத்தைக் காட்டினார். கார்டை விற்கும் பெரிய கடைக்கு வீலாக் என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தாள். சீனாவில் காண்டன் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளி நடத்தியவள். இந்த எழுத்துகள் வாழ்த்தே அல்ல, என்ன என்று தெரிந்துதான் குழந்தைகளுக்கு விற்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். கடைக்காரர்கள் விற்பதை நிறுத்திவிட்டார்கள். நாற்பதாயிரம் கார்டு அச்சடித்திருந்தோம். பதினான்காம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தம்மா இங்க வந்து படிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருக்கு” என்றார். “அந்தப் பய வேணும்னே ஏதாவது கேவலமா எழுதிக் குடுத்திருந்தான்னு வெச்சுக்கோ, அடுத்த நிமிஷம் பாஸ்டன் குடியேற்ற ஆபீசுக்குப் போன் போடுவேன். இவனுங்க எவன் காகிதம் சரியா இருக்கு? கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்க.”

“சரி சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வூஸ்டரில் எங்கள் கம்பெனி வருஷம் பன்னிரண்டு மாதமும் அந்த ஒரு நாளுக்காகவே உழைக்கும். ‘உலகத்துப் பிள்ளைகள்’ என்று அந்தத் தடவை பன்னிரண்டு கார்டு போட்டோம். பன்னிரண்டையும் நான்தான் வரைந்தேன். நான் பார்த்த வெளியூர் பாஸ்டன் ஒன்றுதான், அதுவும் இரண்டு தடவை. தேசங்கள் எல்லாம் எங்களுக்கு ஓர் இழுப்பறைக்குள் இருந்தன. தேயிலை டப்பா லேபிள், பழைய காலண்டர், சர்க்கஸ் நோட்டீஸ். ஹாலந்து என்றால் மரச்செருப்பும் காற்றாலையும். எஸ்கிமோ என்றால் பனிக்குடிசை. மெக்சிகோக்காரன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவான். அவன் எழுந்து நின்று நான் வரைந்ததே இல்லை. கறுப்புப் பிள்ளையை எப்படி வரைந்தேன் என்று சொல்ல இப்போது நாக்கூசுகிறது. சொல்லமாட்டேன்.

அயர்லாந்துப் பையனுக்குப் பக்கத்தில் ஒரு பன்றி போடச் சொன்னார் பிரிகம். என் அப்பா, அம்மா இருவரும் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். “எங்க வீட்ல பன்னி வளர்த்ததில்லையே சார்” என்றேன். “அப்ப ரெண்டாப் போடு, நல்லா விக்கும்” என்றார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு பன்றி வரைந்தேன். ஊரில் பாதி ஆலை மூடிக் கிடந்த காலம். கம்பி ஆலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். வரைய மாட்டேன் என்று சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை, அவ்வளவுதான்.

சீனப் பையனை முடித்துக் கொடுத்தபோது பிரிகம் சொன்னார். “அந்தத் துணில நிஜமான சீன எழுத்தாப் போடு. போன வருஷம் சும்மா கிறுக்கினதுக்கு ஒரு பாதிரியார் பத்துப் பக்கம் எழுதிட்டார். உன் தெரு முனைல சலவைக்கடை இருக்கே, அவன்கிட்ட கேளு.”

கேட்கத்தான் போனேன். கடை வாசல்வரை போனேன். கண்ணாடிக்கு உள்ளே அவர் தலை குனிந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வகிடு எடுத்துச் சீவிய தலை, வெள்ளைச் சட்டை, மடித்து விட்ட கை. என் கையில் இருந்த படத்தைப் பார்த்தேன். அந்தப் பின்னலையும் பல்லையும் அவர் முகத்துக்கு முன்னால் எப்படி நீட்டுவது? கீழே பாட்டு வேறு, அதையும் ஒடித்து எழுதியிருந்தார்கள்: ‘நான் பையன் சீனா, ஆசை உன்மேல் வைக்குது, நீ என்னோடு வருது?’ எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியே திரும்பினேன். மறுநாள் கம்பெனியில் என் கைப்பையைத் துழாவியபோது அப்பாவின் சட்டைக்கு அவர் கொடுத்திருந்த சலவைச் சீட்டு அகப்பட்டது. அதில் மேலிருந்து கீழாகப் பத்து எழுத்து இருந்தது. சீட்டில் எண்ணோ தேதியோ என்னவோ இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அச்சுப் பிசகாமல் வரைந்தேன். அந்த விஷயத்தில் என் கை சுத்தம்.

அவரை ஊரில் எல்லோரும் சார்லி என்பார்கள். கடைப் பலகையில் வா லீ என்று இருக்கும். ஆறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போகிறேன். அப்பா மாதாகோவிலில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர். சட்டை மடிப்புக் கலையக்கூடாது. ஆனால் ஆலையில் பழுத்த கம்பி ஒன்று கழுத்தைச் சுற்றிச் சுட்ட தழும்பு உண்டு, கஞ்சி அதிகமானால் உரசிப் புண்ணாகும். போகும்போதெல்லாம் “கஞ்சி கம்மியா, கஞ்சி கம்மியா” என்று பாட்டு மாதிரிப் பாடுவேன்.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம். சீட்டு இல்லை என்றால் சட்டை இல்லை. ஒருமுறை பிரிகம் சீட்டைத் தொலைத்துவிட்டு விருந்துச் சட்டையில் மாட்டும் தனிக் காலரைக் கேட்டுப் போயிருக்கிறார். கத்திப் பார்த்தும் கிடைக்காமல் வெறுங்கழுத்தோடு திரும்பினார். கம்பெனி முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம். நானும் ஒரு தடவை தொலைத்தேன். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலத்தை எடுத்து வைத்தார். “என் வாய்க்குப் பயந்துட்டார்” என்று பக்கத்து மேசை சீக்ரிட்டிடம் பெருமை அடித்தேன்.

புதன்கிழமை முழுவதும் பேசாமல் இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் தாங்கவில்லை. ஒரு கார்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே சலவைக்கடைக்குப் போனேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆங்கிலத்தை ஊரில் ஒடித்து ஒடித்துப் பேசிக் காட்டுவார்கள். நான் அவர் சொன்னதை முழுசாகவே எழுதுகிறேன். கார்டில் ஒருமுறை ஒடித்தது போதும்.

அவர் கார்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தை முதலில் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார்.

“இது யாரு?”

“சீனப் பையன்.”

“இவன் தலைல என்ன?”

“பின்னல். சீனால எல்லாரும்...”

“அதையெல்லாம் வெட்டி இருபத்துமூணு வருஷம் ஆச்சு.” சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பதினாறு வயசிருக்கும். கோட்டு, வகிடு, கொஞ்சம் முறைப்பு. “இவன்தான் சீனப் பையன். என் மகன். கைக்குழந்தையா விட்டுட்டு வந்தது. அதுக்கப்புறம் நான் பார்க்கல.”

“எங்க இருக்கான்?”

“பாஸ்டன்ல. துறைமுகத்துல, குடியேற்ற ஆபீஸ்காரங்க அடைச்சு வெக்கிற விசாரணை விடுதில. இருபத்தாறு நாளாச்சு.” பிறகுதான் எழுத்துக்கு வந்தார். பார்த்த மாத்திரத்தில் தலை நிமிர்ந்தது. “இது என் கையெழுத்து. என் சீட்டு. இது எப்படி இங்க வந்துது?”

சொன்னேன். சீட்டைப் பார்த்து வரைந்ததைச் சொன்னேன். அவரே எழுதிக் கொடுத்தார் என்று முதலாளியிடம் சொன்னதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமையையும் போனையும் சொன்னேன்.

“நான் எழுதிக் குடுத்தேன்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

அவர் அசையவில்லை. பொசுங்கும் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின்மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பதறித் தூக்கினார். முதுகில் பழுப்பாக ஒரு முத்திரை விழுந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு நூல் கருகி நான் பார்த்ததில்லை.

“ஊர்ல எங்க வீட்டுக்கு எத்தன படி, கிணறு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தன பிள்ளை, எல்லாம் அவன்கிட்ட கேட்டாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு அதையே கேட்டாங்க. ஒரு படி மாறியிருந்தாலும் அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. மாறல. இனி அதிகாரியோட ஒரு கையெழுத்துதான் பாக்கி.” கருகிய சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “இந்த நேரத்துல என்மேல ஒரு புகார் போனா மொத்தத்தையும் மறுபடி பிரிப்பாங்க. பிரிச்சா எதையாவது கண்டுபிடிக்காம விடமாட்டாங்க.”

“அந்த எழுத்துல அப்படி என்னதான் எழுதியிருக்கு?”

“உங்க அடையாளம்.”

“என்ன அடையாளம்?”

“உங்க பேர் எனக்குத் தெரியாது. நீங்களும் என் பேரைக் கேட்டதில்ல. சார்லியும் என் பேரில்ல, வா லீயும் என் பேரில்ல. அது கடையோட பேரு. பேர் தெரியாத ஆளுக்கு ஒரு அடையாளம் எழுதி வெப்போம். எல்லா சலவைக்கடையிலும் அப்படித்தான்.” கார்டை என் பக்கம் தள்ளினார். “நாளைக்கு உள்ளதைச் சொல்லிடுங்க. சீட்டைப் பார்த்து எழுதினேன்னு.”

“சொன்னா என் வேலை போயிடும்.”

“ஆமா” என்றார். “போயிடும்.”

கெஞ்சவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன். சனிக்கிழமை சட்டை தயாராக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறொரு சட்டையை எடுத்து விரித்தார்.

சாப்பாட்டு மேசையில் அப்பா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே நிலக்கரி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சீக்ரிட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஸ்வீடன்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். “வாயை மூடிக்கிட்டு இரு. அவன் யாரு உனக்கு? மாமனா மச்சானா?” என்றாள். “வேலை போச்சுன்னா உங்கப்பனுக்கு அந்த சார்லி வந்து கஞ்சி ஊத்துவானா?”

“சட்டைக்குத்தான் ஊத்துவார்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சரியாகப் பதினோரு மணிக்கு மிஸ் வீலாக் வந்தாள். குள்ளம், ஆண்பிள்ளை பூட்ஸ், கையில் குடை. பிரிகம் நாற்காலி போட்டார். என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார். கார்டை அந்த அம்மாள் கையில் கொடுத்தபோது தன் மீசையை முறுக்கிக்கொண்டார். பிரிகமின் மீசை நல்ல செம்பட்டை. தலையில் மிச்சம் இருப்பதும் செம்பட்டைதான். என் தலையும் அப்படியே. இதை நான் அதுவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

“வலது பக்கத்திலேர்ந்து படிக்கணும்” என்று அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். “முதல் ரெண்டு எழுத்து: செம்பட்டை முடி.”

பிரிகமின் கை மீசையிலிருந்து இறங்கியது.

“அடுத்த ரெண்டு: நீள நாக்கு. அதாவது ஓயாத வாய். நம்ம ஊர்ல வாயாடின்னு சொல்லுவோமே.”

நான் தரையைப் பார்த்தேன்.

“அடுத்தது கஞ்சி கம்மி. இது ஏன்னுதான் புரியல.”

“எனக்குப் புரியுது!” பிரிகம் எழுந்தே விட்டார். “என் காலர் அவன்கிட்டதான் போகுது. ரெண்டு மாசமா தொளதொளன்னு வருது, ஏன்னு கேட்டு நாலு நாள் முன்னால கூடச் சண்டை போட்டேன். செம்பட்டையாம், வாயாடியாம்! என் கார்டுலயே என்னைத் திட்டி நாப்பதாயிரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கான், திருட்டுப் பய!”

“இன்னும் நாலு எழுத்து இருக்கு” என்றாள் மிஸ் வீலாக்.

அவர் காதில் அது விழவில்லை. போனை எடுத்தார். பாஸ்டனுக்கு ட்ரங்க் கால், குடியேற்ற அலுவலகம், அவசரம் என்றார். லைன் கிடைத்ததும் மணி அடிக்கிறேன் என்று அந்தப் பக்கத்துப் பெண் சொன்னது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை இழுத்தார்.

“அவன் பேர் என்ன, பெஸ்?”

“தெரியாது சார்.”

“ஆறு வருஷமாப் போற!”

“நீங்க பத்து வருஷமாப் போறீங்க சார்.”

என்னை முறைத்தார். காகிதத்தில் ‘சார்லி’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘வா லீ’ என்று எழுதினார். அந்தப் பெயரில் ஆளே கிடையாது என்று எனக்கு மட்டும் தெரியும். ஆனால் தெருவும் கடையும் சொன்னால் போதுமே, பெயர் எதற்கு.

மேசைமேல் போன் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. பாஸ்டனுக்கு லைன் கிடைக்கச் சில நாள் பத்து நிமிஷம் ஆகும், சில நாள் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும். மணி அடிப்பதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். ஊரே சொல்லும் வாய், ஓயாத வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நிலக்கரி ஞாபகம் வந்தது. அப்பாவின் கழுத்து ஞாபகம் வந்தது. புகைப்படத்தில் இருந்த அந்த முறைப்பும் வந்தது. யாராவது, வேறு யாராவது பேசிவிடமாட்டார்களா என்று இருந்தது. அவ்வளவு கோழை நான்.

மிஸ் வீலாக் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “இந்தக் கடைசி நாலும் விசித்திரமா இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “‘சீட்டு இல்லேன்னாலும் குடு.’ என்ன சீட்டு? யாருக்குக் குடுக்கறது?”

அந்த அறையில் எனக்கு மட்டும் அது புரிந்தது. ஊரில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம். முதலாளி கத்தியும் வளையாத சட்டம். என் வாய்க்குப் பயந்து கொடுத்தார் என்று நான் பீற்றிக்கொண்டேனே, அது பயம் இல்லை. இந்தச் செம்பட்டை முடிக்காரி ஏமாற்றமாட்டாள் என்று அந்த மனுஷன் வாராவாரம் தன் கையால் எழுதியிருக்கிறார். அதைத்தான் நான் திருடி, அவர் தலையிலேயே போட்டிருக்கிறேன்.

“சார், அது நீங்க இல்ல. நான்.”

“என்ன நீ?”

“செம்பட்டையும் நான், வாயாடியும் நான். உங்களுக்கு எப்பவாவது சீட்டு இல்லாம சட்டை குடுத்திருக்காரா? விருந்துக்கு வெறுங்கழுத்தோட போனீங்களே, மறந்துட்டீங்களா?” கைப்பையிலிருந்து அந்த வாரத்துச் சலவைச் சீட்டை எடுத்துக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே பத்து எழுத்து. “நான் அவரைக் கேட்கவே இல்ல. சீட்டைப் பார்த்து வரைஞ்சேன். அவர் எழுதிக் குடுத்தார்னு சொன்னது பொய். அவருக்கு இதுல எதுவுமே தெரியாது.”

மிஸ் வீலாக் இரண்டையும் ஒப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அப்போது மணி அடித்தது.

பிரிகம் கையை வைத்தார், எடுக்கவில்லை. முகம் மீசை நிறத்துக்கு வந்திருந்தது. “எவன் எழுதினா என்ன? எழுத்து அவனுதுதானே? இதுக்கெல்லாம் யாராவது ஒருத்தன்...”

“தாராளமாப் பேசுங்க” என்றாள் மிஸ் வீலாக். “ஆனா ஒண்ணு. புகார்னு ஒண்ணு போனா படிச்சுச் சொல்ல என்னையும் கூப்பிடுவாங்க. படிச்சதைச் சொல்லுவேன். அமெரிக்கா பூரா காதலிக்கு அனுப்பற கார்டுல, கஞ்சி கம்மின்னு சலவைச் சீட்டை அச்சடிச்ச கம்பெனி இதுதான்னு. பத்திரிகைக்காரங்க கேட்டா அவங்களுக்கும் சொல்லுவேன்.”

மணி நாலாவது தடவை அடித்தது. பிரிகம் எடுத்தார். “வேண்டாம். கேன்சல் பண்ணிடும்மா” என்று சொல்லிவிட்டு வைத்தார். என் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். “உன் தூரிகையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு, பெஸ்.”

கிளம்பினேன். அடுத்த வருஷத்துக் கார்டைக் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். சிவப்புத் துணி வெறுமையாகத் தொங்கியது. எழுத்தை எடுத்துவிட்டார்கள். பின்னலும் பல்லும் அப்படியே இருந்தன.

வேலை போன மறுநாள், சனிக்கிழமை, சலவைக்கடைக்குப் போனபோது அழுக்குச் சட்டைப் பையோடு, தலை நிமிர்ந்துதான் போனேன். உண்மையைச் சொல்லி வேலையையும் இழந்தவள் அல்லவா. அப்பா வேறு காலையில், “பன்னி வரையற வேலைதானே, போனாப் போகுது போ” என்று சொல்லியிருந்தார்.

“சீட்டு?” என்று கையை நீட்டினார்.

“இல்ல. முதலாளி கிழிச்சுட்டார்.” நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். போன் மணி அடித்ததைச் சொல்லும்போது அவர் கை கல்லாப் பலகையை இறுகப் பிடித்திருந்தது. ரத்து செய்ததைச் சொன்னதும் விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒருமுறை நன்றாகத் தாழ்த்தினார். பிறகு உள்ளே போய் அப்பாவின் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

“என் பேர் பெஸ் கின்செல்லா” என்றேன். “உங்க பேர்?”

சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுத்தை ஒருமுறை ஊருக்கெல்லாம் அனுப்பியவள் நான்.

அழுக்குச் சட்டைகளை வாங்கிக்கொண்டு புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். எனக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பத்தையும் ஒவ்வொரு கோடாக வரைந்தவள், எண்ணவும் தெரியும். ஆறுதான் இருந்தது. முடி இருந்தது, வாய் இருந்தது, கஞ்சி இருந்தது. மறுபடி உள்ளே போனேன்.

“இதுல நாலு எழுத்து குறையுதே.”

“ஆமா.”

“நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனே. வேலைகூடப் போச்சே.”

“சொன்னீங்க. என் பிள்ளை உங்களாலதான் தப்பிச்சான். மறக்கமாட்டேன்.” இஸ்திரிப் பெட்டியை அடுப்பிலிருந்து எடுத்தார். “ஆனா செவ்வாய்க்கிழமை சொல்லல. புதன்கிழமை சொல்லல. வியாழக்கிழமை நானே கேட்டேன், அப்பவும் சரின்னு சொல்லல.”

எனக்கு வாயாடி என்று பட்டம். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி மகன் வந்து சேர்ந்தான். இப்போது அந்தக் கடையில் இரண்டு இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. நான் ஒரு பாத்திரக்கடையில் விலைப்பலகை எழுதுகிறேன். மகன் என்னைப் பார்த்தால் சிரிப்பான், என் அப்பாவின் இருமலை விசாரிப்பான். சீட்டை மட்டும் பெரியவர்தான் எழுதுவார். வாரம் தவறாமல் வாசலில் நின்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தச் சனிக்கிழமையும் எண்ணினேன். ஆறு.